டாட்டா மொபைல் பிக்கப்புக்காக ஒரு பழைய எஸ்டேட் கார்: வாங்கலாமா, விடலாமா?

எங்கள் தோட்டத்து டாட்டா மொபைல் பிக்கப்புக்கு உதிரி கேட்டுப் போனால் கடைக்காரர் முதலில் சிரிக்கிறார், அப்புறம்தான் பதில் சொல்கிறார். கியர்பாக்ஸில் மூன்றாவது கியர் நிற்காமல் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு களத்துக்குள் வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். என்ஜின் மட்டும் இன்னும் நன்றாக இழுக்கிறது. இந்த நிலையில்தான் எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு சேதி சொன்னார்: கோயமுத்தூரில் ஒரு வீட்டில் பழைய டாட்டா எஸ்டேட் கார் நிற்கிறது, ஓடவில்லை, ஆர்.சி. கையில் இருக்கிறது, எழுபதாயிரம் கேட்கிறார்கள்.

ஓட்டுவதற்கு வாங்கச் சொல்லவில்லை, பிரிப்பதற்கு. பிக்கப்புக்கு வேண்டியதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க நாங்கள் எதை எதை அளந்தோம், எங்கே தயங்கினோம் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி பழைய சரக்கு வண்டியைக் கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்குப் பயன்படும்.

காருக்கும் பிக்கப்புக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. டாட்டா மொபைல் பிக்கப் வந்தது 1988இல். லாரியும் பஸ்ஸும் செய்துகொண்டிருந்த டாட்டா, அந்தப் பிக்கப்பின் அடித்தளத்தை வைத்துத்தான் கார் பக்கம் வந்தது. 1991இல் சியரா, 1992இல் எஸ்டேட், 1994இல் சுமோ. மேலே இருக்கும் பாடி வேறு வேறு, அடியில் எல்லாம் ஒரே குடும்பம். எஸ்டேட்டை எட்ட நின்று பார்த்தால் அந்தக் காலத்து மெர்சிடிஸ் மாதிரி இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் நம்ம பிக்கப்தான் தெரியும்.

என்ஜினும் ஒன்றுதான்: 483 டீசல். டாட்டாவின் பழைய என்ஜின் எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பழைய இரும்புக் கடையில் ஏமாற மாட்டோம். முதல் எண் எத்தனை சிலிண்டர் என்பது, அடுத்த இரண்டும் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், எத்தனை மில்லிமீட்டர் என்பது. 483 என்றால் நாலு சிலிண்டர், 83 மி.மீ. போர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ., ஆக மொத்தம் 1948 சி.சி. லாரிக்காரர்கள் வாயில் புழங்கும் 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மி.மீ. 407 வண்டியின் 497ம் அதே கணக்குதான். இங்கே ஒரு எச்சரிக்கை. பின்னால் வந்த 207 டிஐ பிக்கப் வைத்திருப்பவர்கள் எஸ்டேட் என்ஜினைத் தேடிப் போக வேண்டாம். அதில் இருப்பது 2956 சி.சி. கொண்ட 497 வகை, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். நம்முடையது, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக் போட்ட பழைய வகை. பெயரில் இரண்டும் சொந்தக்காரர் மாதிரி இருக்கும், நட்டு போல்ட்டு சேராது.

போவதற்கு முன்னால் ஒரு தாளில் எங்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டோம். பழைய வண்டியை நேரில் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. சீட்டு நன்றாக இருக்கிறதே, கண்ணாடி மின்சாரத்தில் இறங்குகிறதே என்று மனசு எங்கேயோ போகும். எங்கள் தாளில் இருந்தவை கியர்பாக்ஸ், பவர் ஸ்டியரிங் முழு செட், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், அவ்வளவுதான். முன் பிரேக்கும் பின் ஆக்ஸிலும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓரத்தில். என்ஜினை வேண்டுமென்றே எழுதவில்லை. அதற்குக் காரணம் பேப்பர் சம்பந்தப்பட்டது, பின்னால் சொல்கிறேன்.

கையில் எடுத்துப் போனவை: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சாக்கெட் செட், பேட்டரி, ஐந்து லிட்டர் சுத்தமான டீசல், ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், ஒரு காந்தம், சாக்பீஸ், தடிமனான காலண்டர் அட்டைகள், பிக்கப்பின் ஸ்டெப்னி. ஸ்டெப்னி எதற்கு என்று காரின் சொந்தக்காரர் கேட்டார். காரின் முன் பிரேக் பிக்கப் சக்கரத்தோடு சேருமா என்று பார்க்கத்தான். காரின் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரம் உட்காரும் அந்த ஹப்பில் ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்தோம். சக்கர நட்டு ஏறும் ஸ்டட்டில் சரியாக உட்கார்ந்து, பிரேக் காலிப்பரில் உரசாமல் சுற்றியது. டேப் வைத்து ஸ்டட் வட்டத்தை அளப்பதைவிட இது லேசு, தப்பும் வராது.

வண்டி வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரைக்கு அடியில் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தார்ப்பாய் மழையைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. பானெட்டைத் திறந்ததும் ஏர் கிளீனருக்குள் தென்னை நாரும் பஞ்சும் வைத்து ஒரு குடும்பமே நடத்தியிருந்தது தெரிந்தது. வயரிங் பாதி இல்லை. எங்களுக்கு வயரிங் வேண்டாம் என்பதால் அதை விலை குறைக்கும் புள்ளியாக மட்டும் மனதில் வைத்துக்கொண்டோம்.

சொந்தக்காரர் பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெய் மாற்றியது, கிளட்ச் பிளேட் போட்டது என்று எல்லாவற்றையும் தேதியோடு ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். அந்த டைரிக்காகவே ஐயாயிரம் கூடக் கொடுக்கலாம். “ஓட்டறதுக்கா, பிரிக்கறதுக்கா?” என்று கேட்டார். “பிரிக்கத்தானுங்க” என்றேன். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, ஆனா எம் பேர்ல இருக்கற வண்டி நாளைக்கு எங்கயாவது சுத்தக் கூடாது. அதை மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க” என்றார். நியாயமான பேச்சு.

முதலில் என்ஜின். வாங்கப் போவது கியர்பாக்ஸுக்காக என்றாலும் என்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸைச் சோதிக்க முடியும். பல வருஷம் நின்ற டீசல் என்ஜினில் நேராகப் பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பக் கூடாது. நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் ஊற விட்டோம். பிறகு கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் போட்டுக் கையால் சுற்றினோம். முதலில் இறுக்கம், பிறகு மெதுவாகச் சுற்றியது. எங்கேயும் தட்டி நிற்கவில்லை. டேங்கில் இருந்த டீசல் கோந்தாகிக் கிடந்ததால் டேங்க்கைத் தொடவே இல்லை. எங்கள் கேனிலிருந்து ஹோஸ் வழியாக நேராக ஃபில்டருக்குக் கொடுத்து, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினோம். பிளக்குகளை மாட்டி, ஹீட்டர் கொடுத்து, இரண்டு மூன்று தடவை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. தெருவே வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார்.

சூடேறியதும் வெள்ளைப் புகை குறைந்து லேசான நீலம் நின்றது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயிலேயே வைத்தோம். நல்ல என்ஜினில் மூடி லேசாக நடுங்கும். இதில் துள்ளிக் கீழே விழுந்தது. பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்கிறது. அப்புறம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். தளர்த்தும்போது அந்த சிலிண்டர் செத்து, என்ஜின் சத்தம் இறங்க வேண்டும். முதல், இரண்டாவது, நாலாவதில் இறங்கியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது பெரிய வித்தியாசம் இல்லை, அந்த சிலிண்டர் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்கிறது. நாசிலாகவும் இருக்கலாம், வால்வாகவும் இருக்கலாம். இதைச் செய்கிறவர்கள் கையில் கிழியாத கையுறையும் கண்ணில் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழாயில் வரும் டீசல் தோலைத் துளைக்கும் அழுத்தத்தில் வரும், விளையாட்டில்லை.

ஆக என்ஜின் சுமார். எங்கள் தாளில் அது இல்லாததால் கவலைப்படவில்லை.

கியர்பாக்ஸில்தான் அதிக நேரம் செலவழித்தோம். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டால் ஒரு உறுமல், மிதித்தால் அது நின்றால், முன் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். இதில் உறுமல் இல்லை. பின் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒவ்வொரு கியராகப் போட்டோம். மூன்றாவது கியரில் ஓட விட்டு, மெக்கானிக் அண்ணன் ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்து லோடு கொடுத்தார், சட்டென்று விட்டார், மறுபடி இழுத்தார். கியர் தெறிக்கிற பெட்டியாக இருந்தால் இந்த இழுபறியில் தெறித்துவிடும். இது அசையவில்லை. இரண்டாவது கியர் மட்டும் இறங்கும்போது லேசாகக் கரகரத்தது.

அந்தக் கரகரப்புக்கு விளக்கம் எண்ணெயில் கிடைத்தது. டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி அரை டம்ளர் எண்ணெயை வெள்ளைத் தட்டில் பிடித்தோம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொன் நிறத்தில் மினுமினுப்பு. காந்தத்தை விட்டுக் கிளறினால் அதில் ஒட்டவில்லை. பித்தளை. கியர் கரகரக்காமல் விழ உதவும் சின்க்ரோ ரிங் தேய்கிறது, அது மாற்றக்கூடிய சங்கதி. காந்தத்தில் செதில் செதிலாக ஒட்டியிருந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம், அந்தப் பெட்டியை யார் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும் படிந்தது. இத்தனை வருஷம் ஓடிய பெட்டிக்கு அது சகஜம்.

கார் பெட்டியின் கியர் விகிதம் சரக்கு வண்டிக்குச் சரிப்படுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் கையால் எண்ணுவதுதான் வழி. என்ஜினை நிறுத்தி, முதல் கியர் போட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு, அது ஒரு சுற்று வரும்வரை கிராங்க் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினோம். முதல் நாளே பிக்கப்பில் இதை எண்ணி வைத்திருந்ததால் ஒப்பிட முடிந்தது. முதல் கியர் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லாமல் வந்தது. நாலாவதில் கிராங்க் ஒன்று, ஷாஃப்ட் ஒன்று. சரி, இது போதும்.

பின் ஆக்ஸிலில்தான் குறி தப்பியது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் கிரவுன் பினியன் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃப்ரென்ஷியல் பாதியாகக் குறைத்துவிடும், அதனால்தான் இரண்டு சுற்று. எங்கள் பிக்கப்பில் ஷாஃப்ட் கிட்டத்தட்ட அரைச் சுற்று அதிகமாகப் போனது. அதாவது காரின் ஆக்ஸிலைப் போட்டால் ரோட்டில் வேகம் கூடும், லோடோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். தோட்டத்து வண்டிக்கு வேகம் எதற்கு? ஆக்ஸிலைத் தாளிலிருந்து அடித்துவிட்டோம். இந்த எண்ணிக்கை எல்லா வண்டிக்கும் இப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வயசு வண்டிகளில் முன்னால் வைத்திருந்த யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள். உங்கள் வண்டியில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பவர் ஸ்டியரிங்தான் என் ஆசை. ஸ்டியரிங் பெட்டி சேசிஸில் எந்த ஓட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பதிவு எடுக்க காலண்டர் அட்டை உதவியது. சேசிஸின் உள்பக்கம், போல்ட்டு வெளியே வரும் இடத்தில் அழுக்கைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸைத் தேய்த்து, அட்டையை அழுத்தி வைத்து விரலால் வருடினால் போல்ட்டு முனைகளும் விளிம்பும் கறுப்பாக அட்டையில் பதிந்துவிடும். அதை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பிக்கப் சேசிஸில் வைத்துப் பார்த்தோம். ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரங்களைத் திருப்பும் கையான டிராப் ஆர்மின் நீளத்தையும் இரண்டு வண்டியிலும் அளந்தோம். இது வித்தியாசப்பட்டால் ஸ்டியரிங் திரும்பும் அளவே மாறிவிடும், அதனால் இதில் சமரசம் கிடையாது. நூல் பிடித்த மாதிரி ஒன்றாக இருந்தது. ஸ்டியரிங் வீலிலிருந்து பெட்டிக்கு இறங்கும் தண்டு மட்டும் வேறு. பிக்கப்பின் தண்டையே வைத்துக்கொண்டு கீழே இருக்கும் கப்ளிங்கை மாற்றினால் போதும் என்றார் அண்ணன்.

இந்த இடத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சென்னை புதுப்பேட்டைக்குச் சொன்னாலும் பார்சலில் வந்துவிடும். சுமோ ஏகப்பட்டது பிரித்துக் கிடக்கிறது. கியர்பாக்ஸையும் ஸ்டியரிங் பெட்டியையும் தனியாக அங்கே வாங்கிவிட்டால் இந்தக் காரே வேண்டாமே?

அதற்கு அண்ணன் சொன்ன பதில்தான் முடிவையே மாற்றியது. “தம்பி, பெட்டி எங்க வேணாலும் கெடைக்கும். பம்ப்பைத் தாங்கற பிராக்கெட்டு எந்தக் கடையில கெடைக்கும்?”

பவர் ஸ்டியரிங் என்றால் பெட்டி மட்டுமில்லை. என்ஜின் பக்கத்தில் பம்ப் உட்காரும் பிராக்கெட், கிராங்க்கில் கூடுதல் பள்ளம் உள்ள புல்லி, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டு, எண்ணெய் டப்பா, அதன் கிளிப், வளைத்து அளவெடுத்துச் செய்த இரும்புக் குழாய், பிரஷர் ஹோஸ். காயலான் கடையில் வண்டியைப் பிரிப்பவர் பெட்டியையும் பம்ப்பையும் கழற்றி அலமாரியில் வைப்பார். பிராக்கெட்டும் குழாயும் இரும்போடு இரும்பாகக் கிலோவுக்குப் போய்விடும். அவர் மேல் தப்பில்லை, அதைத் தனியாகக் கேட்டு யாரும் வருவதில்லை. பிறகு நாம் லேத் பட்டறையில் நின்று பிராக்கெட் செய்ய வைக்க வேண்டும். புல்லி ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் பெல்ட் கத்தும், கொஞ்ச நாளில் உரிந்துவிடும். ஒரே ஒரு பொருள் வேண்டுமென்றால் கடைக்குப் போவதுதான் சரி. ஒரு அமைப்பையே ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் போகிறோம் என்றால், அது வேலை செய்துகொண்டிருந்த முழு வண்டி கையில் இருக்க வேண்டும். எது எதற்கு அடியில் போனது, எந்த வாஷர் எங்கே என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பணக் கணக்கு. கடையில் தனித்தனியாக வாங்கினால்: கியர்பாக்ஸ் 14,000, ஸ்டியரிங் பெட்டி 9,000, பம்ப் 4,000, பிராக்கெட்டும் புல்லியும் லேத்தில் செய்ய 6,000, ஹோஸ் 2,500. மொத்தம் 35,500. இது எங்களுக்குச் சொன்ன விலை, ஊருக்கு ஊர் மாறும். இதில் கியர்பாக்ஸை ஓட்டிப் பார்த்து வாங்க முடியாது. ‘போட்டுப் பாருங்க, சரியில்லைன்னா மாத்தித் தரேன்’ என்பார்கள். மாற்றித் தருவார்கள்தான், ஆனால் இறக்கி ஏற்றும் கூலி நம்முடையது.

காராக வாங்கினால் வண்டி விலையோடு பொள்ளாச்சிக்கு ரெக்கவரி வண்டி 4,500, பிரிக்கும் கூலி 6,000. வேண்டியதை எடுத்த பிறகு மிஞ்சும் இரும்பை ஒரு 900 கிலோ என்று வைத்து, கிலோ 28 ரூபாய்க்குப் போட்டால் சுமார் 25,000 திரும்பி வரும். பெரியவர் கேட்ட எழுபதாயிரத்தில் இந்தக் கணக்கைப் போட்டால் நிகரம் 55,500. கடைக் கணக்கைவிட 20,000 அதிகம். ஐம்பதாயிரத்துக்குக் கொடுத்தால் நிகரம் 35,500, கடைக் கணக்கோடு சமம். அப்படியானால் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், முன் பிரேக், என்ஜினின் உள்பொருட்கள் எல்லாம் இனாம். ஆகவே ஐம்பதுக்கு மேல் ஒரு ரூபாயும் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டோம். கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு இதையெல்லாம் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் தேடி வாங்குவார்கள் என்று சிலர் சொன்னார்கள். வாங்கலாம். ஆனால் வராத பணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் அதற்கு சைபர் போட்டேன்.

கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு, இடம். பிரித்த காருக்கு முழுக் காரைவிட இரண்டு மடங்கு இடம் வேண்டும். எங்களுக்குத் தேங்காய்க் களத்துப் பக்கத்தில் ஷெட் இருக்கிறது. டவுனில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த வேலையை யோசிக்கவே வேண்டாம்.

இனி பேப்பர். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். இந்தக் கார் ஒரு தடவை புதுப்பித்து, அதுவும் முடிந்து கிடந்தது. பிரிக்கப் போகிறோம் என்பதால் புதுப்பிக்கவும் இல்லை, என் பெயருக்கு மாற்றவும் இல்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் 55ஆவது பிரிவு, இனி ஓடவே முடியாத நிலைக்குப் போன வண்டியைப் பற்றிச் சொந்தக்காரர் 14 நாளுக்குள் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. பெரியவர் கேட்டதும் இதைத்தான். ஆர்.சி.யில் பேங்க் கடன் குறிப்பு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அது இருந்தால் பேங்க் கடிதம் இல்லாமல் ரத்து செய்ய மாட்டார்கள். இதில் இல்லை. 2021 விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப் மையங்களுக்கு வண்டியைக் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள், புது வண்டி வாங்கும்போது சலுகையும் உண்டு. ஆனால் வண்டி முழுசாக அவர்களிடம் போய்விடும், நமக்குக் கியர்பாக்ஸ் வராது.

என்ஜினைத் தாளில் எழுதாததற்கும் சட்டம்தான் காரணம். என்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. வேறு என்ஜினை மாற்றினால் 52ஆவது பிரிவின்படி பதிவு அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். பிக்கப் சரக்கு வண்டி என்பதால் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது எண்ணைப் பார்ப்பார்கள். பிளாக்கை மாற்றாமல், ஹெட், இன்ஜெக்டர், பம்ப் மாதிரியான பொருட்களை மட்டும் எடுத்துப் போட்டால் இந்தத் தலைவலி இல்லை. கியர்பாக்ஸுக்கு ஆர்.சி.யில் எண் கிடையாது.

விலை பேச அண்ணனைத்தான் முன்னால் விட்டேன். மூன்றாவது சிலிண்டரையும் எலி தின்ற வயரிங்கையும் அவர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பெரியவர் அறுபது என்றார், நாங்கள் நாற்பது என்றோம். காபி வந்தது. நாற்பத்தெட்டில் முடிந்தது. ‘இன்ன வண்டி, இன்ன எண், பிரிப்பதற்காக விற்கப்பட்டது’ என்று தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு தாள் வைத்துக்கொண்டோம். அலுவலகத்தில் சேசிஸ் எண் அடித்த துண்டைக் கேட்டதால், வண்டி ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை வெட்டி எடுத்துப் பெரியவரிடம் சேர்த்தேன். ஆர்.சி. ரத்தான தாளின் நகல் என் ஃபைலிலும் ஒன்று இருக்கிறது. டைரியையும் கேட்காமலே கொடுத்துவிட்டார்.

பிரிக்கும்போது ஸ்டியரிங் அமைப்பைத்தான் முதலில் தொட்டோம், என்ஜின் இன்னும் வண்டியில் இருக்கும்போதே. ஒவ்வொரு குழாயும் எந்த வழியாகப் போகிறது என்று போனில் படம் எடுத்து, நட்டு போல்ட்டைத் தனித்தனி பையில் போட்டுப் பெயர் எழுதினோம். பம்ப் பிராக்கெட் பிக்கப் என்ஜினில் அப்படியே ஏறியது. இரண்டும் 483 என்பதன் பலன் இங்கேதான் தெரிந்தது. பிளாக்கில் அந்த ஓட்டைகள் மரையோடு, அழுக்கு அடைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாகச் சும்மா காத்திருந்தன. மரை வெட்டும் டேப் ஒன்றை விட்டுச் சுத்தம் செய்து போல்ட்டைப் போட்டோம். கிராங்க் புல்லியையும் காரிலிருந்தே மாற்றியதால் பெல்ட் நேராக நின்றது.

கியர்பாக்ஸை ஏற்றும் முன் சின்க்ரோ ரிங்கும் பின் ஆயில் சீலும் புதிதாகப் போட்டோம். நேரில் பார்க்கும்போது சோதிக்க முடியாமல் விட்டது ஒன்றுதான்: கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்ப்ளைன், அதாவது ஷாஃப்ட் நுழையும் பல் வெட்டிய ஓட்டை. இறக்கிய பிறகு பிக்கப்பின் பிளேட்டை கார் பெட்டியின் ஷாஃப்டில் நுழைத்துப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டு போனது. ஸ்பீடோமீட்டர் கேபிளின் முனை மட்டும் சேரவில்லை. பிக்கப் பெட்டியில் அந்தக் கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி இதில் போட்டதும் சரியாகிவிட்டது. ஆக்ஸிலும் டயரும் பிக்கப்புடையது என்பதால் அந்தப் பல்சக்கரத்தைப் போடுவதுதான் முறையும்கூட, இல்லையென்றால் முள் பொய் சொல்லும்.

ஸ்டியரிங்கில் காற்றை எடுக்க, முன் சக்கரத்தைத் தூக்கி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டியரிங்கைக் கடைசி வரை இரண்டு பக்கமும் பலமுறை திருப்பி, டப்பாவில் எண்ணெய் குறையக் குறைய ஊற்றினோம். நுரை நின்ற பிறகுதான் ஸ்டார்ட். இப்போது லோடோடு களத்துக்குள் ஒரே கையில் திரும்புகிறது. மூன்றாவது கியர் நின்ற இடத்தில் நிற்கிறது.

ஆக்ஸில் ஷெட்டின் மூலையில் கிடக்கிறது, டிரெய்லர் செய்யக் கேட்டு ஒருவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். கதவுகளையும் டிக்கிக் கண்ணாடியையும் இன்னும் இரும்புக்குப் போடவில்லை, இந்த மழைக்காலம் முடியும்வரை வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால் பம்ப் ஒரு முனகல் முனகுகிறது. பிரஷர் ஹோஸ் பழசு, ஓரத்தில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கிறது. கோயமுத்தூரில் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடையில் அளவு கொடுத்திருக்கிறேன், வந்ததும் அதை மாற்ற வேண்டும்.